மீதி நாற்பத்து மூன்று வெள்ளி

ஈமச்சடங்குக் கடைக்காரர்
மூன்றாம் நாள் மாலை மின்தூக்கியில் ஏறி வந்து
ஒரு பழுப்பு உறையை நீட்டினார்.
"அம்மா முன்கூட்டியே கட்டியது.
பெட்டி, வண்டி, பூ எல்லாம் போக
மீதி நாற்பத்து மூன்று வெள்ளி."

ரசீதில் தேதி பார்த்தேன்.
ஆறு வருஷத்துக்கு முந்தையது.
மாதம் ஐம்பதாகக் கட்டியிருக்கிறாள்
தன் கடைசிப் பயணத்துக்கு,
சலவை இயந்திரத்துக்குத் தவணை கட்டுவதுபோல.

பவுனம்மா, த/பெ வீராசாமி.
அடையாள அட்டையில் அப்படித்தான்.
தாத்தாவின் பெயர் அதில் எங்கும் இல்லை.
வீட்டிலும் அவர் இல்லை.
கேட்டால், "கெடா பக்கம் லாரி ஓட்டப் போனாரு" என்பாள்.
முப்பத்தெட்டு வருஷமாக ஓடிக்கொண்டே இருந்தது
அந்த லாரி.

பினாங்கு பெரிய ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
நீராவிக்கு நடுவே நின்று
விரிப்புகளை மடித்து மடித்தே
மூன்று பிள்ளைகளை நிமிர்த்தினாள்.
எதிர்முனையைப் பிடித்தவள் ஆ ஹூன்.
ஒரு விரிப்புக்கு இரண்டு பேர்:
இழு, உதறு, நெருங்கு, மூலை சேர்.
ஒருத்திக்கு ஹொக்கியன், ஒருத்திக்குத் தமிழ்,
சண்டைக்கு மட்டும் மலாய்.

தைப்பூசத்துக்கு முந்தைய நாள்
தேர் வரும் தெருவில் தேங்காய் உடைப்பாள்.
எத்தனை என்பது அவளுக்கும் முருகனுக்குமான கணக்கு.
ஒரு வருஷம் ஐந்து.
அத்தைக்கு அறுவை நடந்த வருஷம்
எண்ணுவதை நான் பாதியில் விட்டுவிட்டேன்.
மறுநாள் தண்ணீர்மலைப் படி அத்தனையும் ஏறுவாள்.
கை கொடுத்தால் தட்டிவிடுவாள்.
"நான் ஏறி வர்றத அவன் பாக்கணும்.
நீ தூக்கி வர்றதையா பாக்கணும்?"

அப்பா அவளைக் கோலாலம்பூருக்கு அழைத்தார்.
செந்தூலில் தரைவீடு, தனி அறை, ஜன்னலோரக் கட்டில்.
வந்தாள். நான்கு நாள் இருந்தாள்.
ஐந்தாம் நாள் பசியாறும் நேரத்தில்
கட்டில் மூலைகள் கத்திபோல் மடிந்திருக்க
ஆளைக் காணோம்.
மதியம் பட்டர்வொர்த் படகுத்துறையிலிருந்து தொலைபேசி:
"ரசம் நல்லாத்தான் வச்சா மருமவ.
ஆனா அங்க கடல் இல்லையே."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம்.
இன்னும் உண்டு.
காய்ச்சலைச் சொல்லமாட்டாள், விழுந்ததைச் சொல்லமாட்டாள்.
பக்கத்து வீட்டு கைருல் அழைத்துச் சொல்லித்தான்
இடுப்பெலும்பு முறிந்தது எங்களுக்குத் தெரியும்.
அவள் கொடுத்தது நிறைய.
நாங்கள் திருப்பிக் கொடுக்க
விட்டுவைத்த இடம்தான் கொஞ்சம்.

கடைசி வாரம் அதே ஆஸ்பத்திரி.
இளம் தாதி விரிப்பு மாற்றிவிட்டுத் திரும்பியபோது
கண்ணைத் திறந்து, விரலால் மூலையைக் காட்டினாள்.
பிள்ளை புரியாமல் என்னைப் பார்த்தது.
நான் குனிந்து, சரிவாக மடித்து,
மெத்தைக்கடியில் செருகினேன்.
பார்த்தாள்.
"இருக்கட்டும்" என்றாள்.
நன்றாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை.

உறையை என்ன செய்வது?
கோயில் உண்டியல் என்றார் அப்பா.
அத்தை அதைத் தொடவே இல்லை.
நாட்காட்டியின் பின்பக்கம், பென்சிலில்,
அவளுடைய சாய்ந்த எழுத்தில் ஒரு வரி:
ஆ ஹூன், கண் மருந்து, நாப்பது.
யார் யாருக்குத் தரவேண்டும் என்று எழுதவில்லை.

ஆறாம் மாடிக்கு இறங்கினேன்.
ஆ ஹூன் நோட்டுகளை விளக்கருகே பிடித்துப் பார்த்தாள்,
நாற்பதை எடுத்துக்கொண்டாள்,
மூன்றை என் பக்கம் தள்ளினாள்.
ஒன்றும் பேசவில்லை.
பிறகு மூங்கில் கழியில் காய்ந்த விரிப்பை உருவி
ஒரு முனையை என் கையில் திணித்து
நான்கு அடி பின்னால் போய் நின்று
"இழு" என்றாள்,
தமிழில்.

இழுத்தேன்.
போதவில்லை போலும்.
தலையை ஆட்டினாள். மறுபடி.